கறுப்பு வீணையும் குமுட்டி அடுப்பும்

3-9-81, வியாழன்

காலையிலிருந்து தூறல். பட்டுப் பாவு ஈரம் இழுத்து நூலோடு நூல் ஒட்டுகிறது. குமுட்டியில் கரி போட்டுத் தறிக்குக் கீழே அனல் காட்டினேன். பத்து மணிக்கு மேல்தான் ஊடு நூல் போடும் நாடா ஓடியது. முந்தானை இன்னும் பாதி பாக்கி.

மாலையில் மகள் வசந்தியின் வீணை டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார். மீனாட்சி டீச்சர் எங்கள் தெருவுக்கு வரமாட்டார், தறிச் சத்தம் காதைக் கெடுக்குமாம். இன்று வந்த விஷயம்: அம்மன் கோயில் நவராத்திரி, ஆறாம் நாள், அக்டோபர் 4 ஞாயிறு சாயங்காலம், வசந்தி தனியாக வாசிக்க வேண்டும். டீச்சருக்கு ஒன்பது நாளும் வெளியூர்க் கச்சேரி. தன் வீணையைத் தன்னோடு கொண்டுபோகிறார்.

"சொந்த வீணை இருந்தா வாசிக்கட்டும். இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, மளிகைக் கடைக்காரர் பொண்ணுக்குக் குடுத்துடறேன். அவகிட்ட வீணை இருக்கு, வாசிப்புதான் இல்ல."

"சின்னதா ஒண்ணு பாத்து..." என்று இழுத்தேன்.

"கத்துக்கற வீணை வேற, கச்சேரி வீணை வேறங்க. கோயில்ல கடைசி வரிசைக்குக் கேக்க வேணாமா?"

வசந்தி ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுமே சொல்வதில்லை. நான்கு வருடமாக டீச்சர் வீட்டில் நிஜ வீணை, நம் வீட்டில் பழைய படமரம். நெய்த புடவையைச் சுற்றுகிற உருளைக் கட்டைதான். அதில் சாக்பீஸால் கோடு போட்டு, மடியில் வைத்து விரல் பழகுகிறாள். சத்தமில்லாத சங்கீதம். இதில் ஒரு வசதி, தப்பே வராது. இந்த ஜோக்கையும் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் வருடம் சிரித்தாள்.

வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது, நான் இல்லை. வசந்தி மடியிலிருந்த கட்டையை மெதுவாகத் தரையில் இறக்கினாள். தூங்குகிற குழந்தையை இறக்குவது போல.

4-9, வெள்ளி

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வந்த யோசனைகள்:

எங்கள் வீட்டு இன்னொரு தறியில் நெய்கிற தேவராஜ்: வீணை வேண்டாம், ஆர்மோனியம் வாங்கு, மூடி வைக்கலாம்.

பால்காரர்: வீணை வாசிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை ஜல்தி அமையும்.

பால்காரர் மனைவி: அமையாது.

என் மனைவி சரோஜா: எதுவானாலும் பவுர்ணமிக்கு முன்னால். அதற்கப்புறம் மாளய பட்சம். அமாவாசை வரை புதுப் பொருள் வாசல் தாண்டக் கூடாது. அமாவாசைக்குப் பிறகு வாங்கினால் கை பழக நாள் ஏது? ஆகவே 14-ம் தேதி திங்கட்கிழமை பவுர்ணமி வருவதற்குள். ஒரு வாரமும் சொச்சமும். எனக்குத் தலைப்புப் பட்டு ஒரு கலர் தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் ஆகும்.

சாயங்காலம் சரோஜாவின் தம்பி கன்னியப்பன் வந்தான். அரிசி மில்லில் லாரிக்கு மூட்டை எழுதுகிறவன். அவனுக்குத் தெரியாத பொருள் உலகத்தில் இன்னும் செய்யப்படவில்லை.

"மாமா, நீ இன்னாத்துக்கு முழிக்கிற? வீணை என் பொறுப்பு. உனுக்கு ஒரு பேஜாரும் கெடையாது."

பேஜார் ஆரம்பம். இந்தப் பெயர் இனி அடிக்கடி வரும் போலிருக்கிறது. க. என்று எழுதினால் போதும்.

6-9, ஞாயிறு

க. தகவல்: சமணர் மலையான திருமலைக்குப் பக்கத்தில் ஒரு நயினார், ரிட்டையர்டு வாத்தியார், காலமான மனைவியின் வீணையை விற்கிறார். தங்கமான வீணை. அவன் பார்த்தானா? இல்லை. பார்த்தவரைப் பார்த்தவரைப் பார்த்திருக்கிறான்.

நான், வசந்தி, க. மூவரும் பஸ். பிறகு வயல் வரப்பில் நடை. செருப்பு வார் அறுந்தது, என்னுடையது. நயினார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"விக்கறதா? யாரு சொன்னது?"

க. மலையைப் பார்த்தான்.

"வெளிய வச்சித் தொடைச்சிகினு இருந்தேன், ஒருத்தர் பாத்துகினு போனாரு. தொடைச்சா விக்கறதுன்னு அர்த்தமா?"

திரும்பினோம். அவர் விடவில்லை. "வந்தது வந்துட்டீங்க, சாப்டுட்டுப் போங்க. ஆனா பொழுதோட சாப்டுடணும், இருட்டினா எங்க வூட்ல சாப்பாடு கெடையாது." சமணர் வீடு. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கிழங்கு இல்லை. அப்புறம் அந்தக் குழம்பில் என்னதான் இருந்தது? இரண்டு தரம் வாங்கினேன்.

என்ன தொழில் என்று கேட்டார். பட்டு நெசவு என்றேன்.

"ஒரு பொடவைக்கு எத்தினி புழு சாவும்?"

"எண்ணினது இல்லீங்க."

"எண்ணாத. தூக்கம் வராது." சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் வைத்தார். கோபமா கேலியா, கடைசி வரை தெரியவில்லை.

வசந்தியை வாசிக்கச் சொன்னார். மனைவி போனபின் யாரும் மீட்டியதில்லையாம். அவள் வாசிக்கும்போது எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார். திரும்பி வந்ததும் பாடம். குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டம்தான் பார்க்க வேண்டும். பிறகு மெட்டு, மெழுகு என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அந்த நேரம் வடாம் வந்தது. வசந்தி கேட்டுக்கொண்டிருந்தாள், போதும்.

திரும்பும் பஸ்ஸில் அதிசயம். அவளாகப் பேசினாள்.

"அப்பா, தந்தியத் தட்டிட்டுக் கைய எடுத்தா சத்தம் நின்னுகினே இருந்திச்சி பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை.

8-9, செவ்வாய்

வேலூர். க. சொன்ன கடை. ஃபுட்பால், கேரம் போர்டு, கப்பு, மெடல். மூலையில் ஒரே ஒரு வீணை.

"ஷோகேஸ்ல வைக்கவா சார், இல்ல வாசிக்கவா?"

வாசிக்க என்றேன். கடைக்காரருக்கு என்மேல் இருந்த பிரியம் போய்விட்டது.

க. அங்கே ஒரு கேரம் ஸ்டிரைக்கர் வாங்கினான். பயணம் வீண் இல்லையாம்.

10-9, வியாழன்

இனி மெட்ராஸ்தான். அங்கே வீணைக்கென்றே கடை இருக்கிறது, முகவரி டீச்சர் கொடுத்தார். வசந்தியை அழைத்துப்போய் அவளே எடுக்கட்டும் என்று முடிவு. எவ்வளவு சுலபமான முடிவு. காலையில் எழுந்தால் வசந்தி கொல்லைப்பக்க அறையில், தனித் தட்டு, தனிப் பாய். வீட்டுக்குத் தூரம். சனி வரைக்கும்.

சரோஜாவிடம் பேசிப் பார்த்தேன். "சரஸ்வதிய இந்த மூணு நாள்ல போய்த் தொடுவாளா? நல்லாருக்கே நீங்க சொல்றது!"

சரி, அவள் குளித்த பிறகு?

ஞாயிறு: கடை லீவு.
திங்கள்: பவுர்ணமி, அதோடு மாளயம்.
நாளை வெள்ளி: நல்ல நாள். ஆனால் வசந்தி வர முடியாது.
சனி: சனிக்கிழமை.

ஆக, வீணை வாசிக்கிறவள் வீட்டில், வாசிக்கத் தெரியாத இரண்டு பேர் கடையில். பஞ்சாங்கம் எழுதியவருக்குப் பெண் குழந்தை இல்லை போலிருக்கிறது.

கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"ஒரு தந்தியத் தட்டு. கைய எடுத்துடு. எதுல சத்தம் ரொம்ப நேரம் நிக்கிதோ அத்த எடு."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? காதே கெடையாது."

"சத்தம் நின்னாத் தெரியும்ல? தேவராஜ் மாமா தறி நின்னா, தூக்கத்துலயே எழுந்து ஒக்கார்றியே."

வாஸ்தவம்.

"கன்னியப்பன் மாமா சொல்றத்தக் கேக்காத" என்றாள் மெதுவாக. க. கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

11-9, வெள்ளி

முதல் பஸ். மெட்ராஸில் வெயில். கடை நிறைய வீணை, சுவரோரம் சாய்த்து வைத்து, கல்யாண வீட்டில் சம்பந்திகள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. வீணைத் தலையில் செதுக்கியிருந்த எல்லா யாளியும் என்னையே பார்த்தது.

நான் முதலில் செய்த காரியம்: ஒரு வீணையைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பின்பக்கம் பார்த்தேன். ஆரணிப் பழக்கம். புடவையைத் திருப்பிப் பார்த்தால்தான் வேலை தெரியும்.

"இன்னா சார், பொடவையா? அந்தப் பக்கம் ஜரிகை இல்ல, மரம்தான்" என்றார் கடைக்காரர்.

கடைசியில் நின்றது இரண்டு. ஒன்று தேன் கலர், மினுமினு, குடத்தில் தாமரைப்பூ, யாளிக்குச் சிவப்புக் கல் கண். இன்னொன்று கறுப்பு. யாளிக்கு மூக்கு கொஞ்சம் கோணல், யாரோ வைததைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். க. உடனே தேன் கலரைத் தடவ ஆரம்பித்தான். உண்மையைச் சொன்னால் என் கையும் அங்கேதான் போனது. கல்யாணத்தில் வைத்தால் எடுப்பாக இருக்கும், நாலு பேர் பார்ப்பார்கள்.

தந்தியைத் தட்டினேன். கேட்கலாம் என்றால் க. பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்து என்றால் ஏன் நிறுத்த வேண்டும் என்று பேசினான். அவன் நிறுத்தினால் வெளியே பஸ். பஸ் போனால் கடைக்காரர் தும்மினார். நாலைந்து தரம் இப்படி. பிறகு ஒரு யோசனை. நிறுத்த முடியாததை வைத்தே அளப்போம். தட்டிவிட்டு, "பேசு" என்றேன்.

தேன் கலர்: க. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் ஓய்ந்தது.

கறுப்பு: அரிசி மில் முதலாளி தன்னைக் கேட்காமல் லாரி வாங்குவதே இல்லை என்று சொல்லி முடித்து, அடுத்த பொய்யை ஆரம்பித்த பிறகும், அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது.

மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் அப்படியே. பொய்தான் வேறு வேறு.

"கறுப்பு" என்றேன்.

"மாமா, உனுக்குக் கண்ணு இல்லியா?"

"காது இருக்குதுடா, இன்னிக்கிதான் தெரிஞ்சிச்சி."

கறுப்பு ஏகாண்டம், மினுக்கு ஒட்டு என்று கடைக்காரர் அப்புறம்தான் சொன்னார். முன்னாலேயே சொல்வதற்கு என்ன? "நீங்க கேக்கவே இல்லியே சார், பேசிகினே இருந்தீங்க."

விலை எழுதப்போவதில்லை. சரோஜா இந்த நோட்டைப் படிக்கிறாள் என்று சந்தேகம்.

பஸ்ஸில் கூரைமேல் போட முடியாது என்று சாதித்தேன். சீட்டில் வீணை, நின்றபடி நாங்கள்.

"இன்னாங்க இது, ஆளா லக்கேஜா?" என்றார் கண்டக்டர்.

"பொண்ணுங்க."

"அப்ப முழு டிக்கெட்."

காஞ்சிபுரம் தாண்டி ஒரு கிழவர் வீணையை எழுப்பிவிட்டு உட்காரப் பார்த்தார். ஆரணி வரை க. அதைக் காவல் காத்தான். எவ்வளவு திட்டினாலும் இதற்கு ஆகிறான்.

சரோஜா ஆரத்தித் தட்டோடு வாசலில். உறையைப் பிரித்தாள். "இதுக்கா மெட்ராஸ் வரைக்கும் போனீங்க? மூஞ்சப் பாரு."

வசந்தி கொல்லைக் கதவருகில். தொட முடியாது. உள்ளே வரவும் முடியாது. நானே கூடத்தில் உட்கார்ந்து ஒரு தந்தியைத் தட்டிக் கையை எடுத்தேன். தறிகள் நின்றிருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும், அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

"இதான்ப்பா."

20-9, ஞாயிறு

வீட்டில் இடம் இல்லை. வீணை இரண்டு தறிக்கும் நடுவில். வீணை ஓடினால் தறி நிற்க வேண்டும், தறி ஓடினால் வீணை நிற்க வேண்டும். எலி தனிப் பிரச்சினை. சரோஜா உறைக்குள் வசம்பு வைத்தாள். வீணையில் இப்போது குழந்தை மருந்து வாசனை.

கல்யாணி என்று ஒரு ராகம். கோயிலில் அதுதான் முக்கியமாம். காலையில் கல்யாணி, மாலையில் கல்யாணி. தேவராஜ் நாடா தள்ளிக்கொண்டே அதை முனகுகிறான். முனகுவது கல்யாணி இல்லை என்று வசந்தி சொல்கிறாள். பட்டுக்கடைக்குக் கொடுக்க வேண்டிய புடவை நான்கு நாள் தாமதம்.

டீச்சர் வந்து வீணையை வாசித்துப் பார்த்தார். "ம்" என்றார். "யாரு எடுத்தது?" என்றார்.

நான்தான் என்றேன். மறுபடியும் "ம்" என்றார், ஆனால் வேறு மாதிரி. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

29-9, செவ்வாய்

நவராத்திரி ஆரம்பம். டீச்சர் ஊருக்குப் போய்விட்டார். மழை பிடித்துக்கொண்டது. பாவு எல்லாம் ஈரம். கொலுவுக்கு க. ஒரு பொம்மை கொண்டுவந்தான், கிரிக்கெட் ஆடுகிற பிள்ளையார்.

1-10, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

மூன்று நாளாக மழை. வீணை சத்தம் அமுங்குகிறது, ஈரம் ஏறிவிட்டது என்று வசந்தி காலையில் சொன்னாள். சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போனாள். ஈரமா? ஈரத்தை எப்படி விரட்டுவது என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்தத் தெருவில் உண்டா? குமுட்டியில் கரி போட்டு, தணல் ஆனதும் பாவுக்குக் காட்டுகிற மாதிரி வீணைக்கும் காட்டினேன். சுவரில் சாய்த்து, முகத்துக்கு நேரே. தூரமாகத்தான் வைத்தேன். தூரம்தான் என்று நினைத்தேன். அதற்குள் க. கூப்பிட்டான், டீ குடிக்கப் போனேன். ஒரு டீ. அவன் கதை சொன்னான். இரண்டு டீ.

வந்து பார்த்தால், விரல் வைக்கிற பித்தளை மெட்டுகளைப் பதித்திருக்கிற கறுப்பு மெழுகு உருகி வழிந்து தரையில் சொட்டியிருக்கிறது. நடுவில் நான்கு மெட்டுகள் பல் ஆடுகிற மாதிரி கோணிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு கீழே விழுந்தே கிடந்தன. மெட்டுகளை நிறுத்துவதே மெழுகுதான். ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் ஸ்வரம் போச்சு. நயினார் இதைத்தான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வடாம் தின்றுகொண்டிருந்தேன்.

வசந்தி பூவோடு வந்தாள். பார்த்தாள். குமுட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பாவுன்னு நெனச்சிட்டேம்மா" என்றேன். என்ன பேச்சு அது.

போய், மூலையிலிருந்த படமரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

2-10, வெள்ளி

காந்தி ஜெயந்தி. போஸ்ட் ஆபீஸ் மூடல். மில் முதலாளி வீட்டு போனில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தோம். மெட்ராஸ் கடையில் எடுத்தவர், "மேளம் கட்டற ஆள், மெழுகுல மெட்டு நிறுத்தறவர், சரஸ்வதி பூஜை முடியாம வர மாட்டார் சார், சீசன். இன்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். "குமுட்டியா?" என்றார். பக்கத்தில் யாரிடமோ சொன்னார். அங்கே சிரிப்பு. லைன் கட்.

க. ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கி வந்தான். "மெழுகுதானே மாமா வோணும்?" வெள்ளை மெழுகுவர்த்தி. அதை என்ன செய்ய, ஏற்றி வைத்துக்கொண்டு அழவா? அந்த வார்த்தையை வாய்விட்டே கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப் போனான். பாவம்.

சரோஜா: "தர்மகர்த்தா கிட்டச் சொல்லிடுங்க. மளிகைக் கடைக்காரர் பொண்ணே வாசிக்கட்டும்."

சட்டையை மாட்டினேன். வாசல்படி வரை வந்துவிட்டேன்.

"அப்பா." வசந்தி. நேற்றிலிருந்து முதல் வார்த்தை. "யாருக்கும் குடுக்க வாணாம். நாளைக்கிக் குமுட்டியப் பத்த வை."

"மறுபடியுமா?"

"நீ தானே உருக்கின. நீயே உருக்கு. நான் நிறுத்தறேன்."

3-10, சனி

தறி லீவு. தேவராஜைத் தெருமுனையில் உட்கார வைத்தாயிற்று, லாரி வந்தால் ஹாரன் அடிக்காமல் போகச் சொல்ல.

வேலை இப்படி. கரண்டிக் காம்பைத் தணலில் காயவைத்து மெழுகின் ஓரத்தைத் தொட வேண்டும். இளகியதும் வசந்தி மெட்டைப் பிடித்து நகர்த்தித் தந்தியை மீட்டுவாள். எது சரி என்று எப்படித் தெரியும்? மேல் பக்கத்து மெட்டுகள் கெடவில்லை. அங்கே ஒரு ஸ்வரத்தை வாசித்துக் காதில் வைத்துக்கொண்டு, கீழே அதே ஸ்வரத்தைத் தேடினாள்.

"மேல. இன்னும் மேல. ஐயோ, அவ்ளோ இல்லப்பா. காம்ப எடு, எடு!"

"எடுத்துட்டேன்."

"ஊது. ஊதாத, எச்சி தெறிக்கிது."

"ஊதவா வேணாமா?"

"நீ மூச்சே விடாத."

விடாமல் இருந்தேன். நெய்கிறவன் கை இது, ஜரிகை இழையைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும். இன்று மெழுகைத் தொட வேண்டிய காம்பு தந்தியைத் தொட்டது. மத்தியானத்துக்குள் மூன்று மெட்டு. சரோஜா சோற்றை உருட்டி இரண்டு பேர் வாயிலும் வைத்தாள். கையில் மெழுகுக் கறுப்பு.

நாலாவது மெட்டின்போது அவள் மீட்டினாள். "இல்ல" என்று என் வாய் சொல்லிவிட்டது. எப்படிச் சொன்னது என்று எனக்கே தெரியாது. வசந்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, இல்ல" என்றாள். மயிரிழை நகர்த்தினாள். சரியாக இருந்தது.

விழுந்த இரண்டு மெட்டு மட்டும் நிற்கவில்லை. அங்கே மெழுகே இல்லை, தரையில் போனதைச் சுரண்டியதில் சாம்பலும் பஞ்சும். க.வின் வெள்ளை மெழுகையும் கலந்து பார்த்தோம். ஒரு மீட்டு, சரிந்துவிட்டது. மூன்றாம் தரம் சரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தேன். பல் போன இடம் போல இரண்டு பொக்கை.

"ரெண்டும் மத்யமம்" என்றாள். ச ரி க ம-வில் அந்த 'ம'. "மத்யமம் இல்லாம கல்யாணி இல்ல."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் விரலால் தரையில் தாளம் போட்டபடி பொக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோகனத்துல 'ம' வராதுப்பா."

மோகனம் என்று ஒரு ராகம். அதில் அந்த இரண்டு மெட்டையும் தொடவே வேண்டாமாம். கச்சேரி அரை மணி நேரமும் மோகனமே வாசிப்பதாக முடிவு. இரண்டு மெட்டும் என் சட்டைப் பையில்.

4-10, ஞாயிறு

மழை விட்டது. கோயில் மண்டபம் நிறைந்த கூட்டம். இன்றைய உபயம் பட்டுக்கடை முதலாளி, என் புடவைகள் போகிற கடை. முதல் வரிசையில் சந்தனம் பூசிக்கொண்டு அவர். பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டார், புடவை தாமதம் பற்றிப் பேசுவதற்காக.

வசந்தி அரக்குப் பாவாடை தாவணி. மிருதங்கம் ஒருத்தர் பக்கத்து ஊரிலிருந்து. மோகனம் ஆரம்பித்தாள். நான் பாட்டைக் கேட்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொக்கைக்கு இந்தப் பக்கம் வரும், தாண்டும், அந்தப் பக்கம் இறங்கும். படிக்கட்டில் உடைந்த படியைத் தாண்டி இறங்குகிற மாதிரி. ஒவ்வொரு தாண்டலுக்கும் என் கை சட்டைப் பையைப் பிடித்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று க. அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னான். இந்த ஒரு தடவை பொய் சொல்லியிருக்க மாட்டான்.

முடிகிற நேரம். முதலாளி துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினார். கல்யாணி.

வசந்தி சீட்டைப் படித்தாள். தலையை ஆட்டினாள், முடியாது என்று. உபயதாரர் கேட்டு முடியாது என்று யாரும் சொன்னதில்லை. மண்டபத்தில் சலசலப்பு.

முதலாளி என் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற குரலில்: "இன்னா ஏகாம்பரம், பொண்ணுக்குக் கல்யாணி வராதா? இவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

மேடையில் வசந்தி குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்தது இங்கிருந்தே தெரிந்தது. ஆமாங்க, வராதுங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவரும் சந்தோஷப்படுவார், புடவைப் பேச்சும் போகும். எழுந்துவிட்டேன்.

"பொண்ணுக்கு வரும்ங்க. நாலு வருஷமா கட்டை மேலயே வாசிச்சவ. வீணைக்குத்தான் வராது." பையிலிருந்து இரண்டு மெட்டையும் எடுத்துக் காட்டினேன். "ஈரம்னு பாவுக்குக் காட்ற மாதிரி குமுட்டி காட்டிட்டேன். கல்யாணி உருகிப் போச்சிங்க."

மண்டபத்தில் இருந்த நெசவுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் குமுட்டி இருக்கிறது. முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மேடையைப் பார்த்தேன். வசந்தி வீணைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்துபோனேன். நிமிர்ந்தாள். நான்கு வருடம் கழித்து என் ஜோக்குக்குச் சிரிக்கிறாள்.

"மோகனமே இன்னொண்ணு வாசிம்மா" என்றார் முதலாளி.

வாசித்தாள். இதைத்தான் நான் கேட்டேன்.

9-10, வெள்ளி

விஜயதசமி நேற்று முடிந்தது. மேளம் கட்டுகிற ஆள் அடுத்த வாரம் வருகிறாராம். கடைக்காரர் லெட்டர், கடைசி வரி: குமுட்டியை அணைத்து வைக்கவும்.

டீச்சர் வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். பொக்கையைத் தடவிப் பார்த்தார், மற்ற நான்கு மெட்டையும் வாசித்துப் பார்த்தார். "இதை யாரு நிறுத்தினது?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டினோம். டீச்சர் இந்தத் தரம் "ம்" கூடச் சொல்லவில்லை. டீ கேட்டார்.

புடவை மடித்தாயிற்று. தேவராஜுக்குக் காய்ச்சல். தறியில் நான்.

மோகனத்துக்கு வீணை, கல்யாணிக்கு மறுபடியும் படமரம். வசந்தி கூடத்து மூலையில் கட்டையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. நாடாவைத் தள்ளிக்கொண்டே, சும்மா, பழைய ஜோக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம் என்று, "தப்பு" என்றேன்.

விரல் நின்றது. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

"ஆமா. ஒனக்கு எப்பிடிப்பா தெரிஞ்சிச்சி?"